ஏழாம் பக்கம் மேயப் போயிருக்கிறது

ஆராவமுதன் நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். கதை முடிகிறபோது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அடுத்தவருக்கு உதவி என்றால் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு ஓடுவார். அவரிடம் அப்படி உதவி பெற்றவர்கள் மூங்கிலேரி ஊரில் நிறையப் பேர் உண்டு. அவரைத் தூரத்தில் பார்த்தாலே பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார்கள்.

மூங்கிலேரிப் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு மையம் தொடங்கினார்கள். ஆய்வாளர்கள் ராத்திரி பகலாக எழுதிய கட்டுரைகளெல்லாம் இத்தனை காலமும் சந்தா கட்டியவர்கள் மட்டும் பார்க்கிற பத்திரிகைகளில் பூட்டிக் கிடந்தன. இனிமேல் ஊர் உலகமெல்லாம் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டும், ஆய்வாளர்களுக்கு அதில் துணை நிற்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ‘திறந்தநிலை வெளியீட்டு உதவி மையம்’ என்று பலகை மாட்டியாகிவிட்டது. உள்ளே யாரைப் போடுவது? மற்ற பிரிவுகளெல்லாம் கூடி மனமுவந்து ஆராவமுதனைக் கண்காணிப்பாளராகக் கொடுத்தன. உதவியாளர் எபநேசரையும் தட்டச்சர் தெய்வானையையும் கேட்காமலே சேர்த்துக் கொடுத்தன. அன்றைக்கு அந்தப் பிரிவுகளில் கேசரி கிண்டினார்களாம்.

முதல் ஆளாக வந்து நின்றவர் முனைவர் மங்கையர்க்கரசி. கால்நடைத் துறையில் எட்டு வருஷமாகத் தற்காலிக ஆசிரியர். நிரந்தர ஆணை மேசை வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை பாக்கி.

“வெள்ளிக்கிழமை மேலிடத்திலேருந்து ஆய்வு அலுவலர் வர்றார் சார். அதுக்குள்ள என் கட்டுரை எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியாகி, உங்க மையத்தோட முத்திரை விழுந்திருக்கணும். இல்லேன்னா வேலையே போயிடும்” என்றார். கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது.

ஆராவமுதனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. “அழாதீங்கம்மா. உங்க கட்டுரைக்கு நானாச்சு” என்று கட்டுரையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு பக்கம். ‘வெள்ளாடுகள் காகிதத்தை விரும்பித் தின்பதில்லை: எட்டாண்டு ஆய்வு’ என்று தலைப்பு.

மேலிடத்துச் சுற்றறிக்கையில் மூன்று விதிகள் இருந்தன. தெய்வானை எழுந்து நின்று, பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசிப்பதுபோல வாசித்தாள்.

“ஒன்று. கட்டுரையை யாரும், எந்நேரமும், எந்தத் தடையும் இல்லாமல் அடைய முடிய வேண்டும். இரண்டு. நகல் எடுக்கத் தடை இல்லை. ஆனால் எல்லா நகலிலும் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டும். மூன்று. ஏற்கப்பட்ட இறுதி வடிவத்தையே வைக்க வேண்டும், மாற்றக் கூடாது.”

“விதின்னா இப்படி இருக்கணும். ஒரு வார்த்தை புரியாம இல்லை” என்றார் ஆராவமுதன். “எபநேசர், கம்ப்யூட்டரைப் போடுங்க.”

எபநேசர் போட்டார். போட்டவர் திரும்பிப் பார்த்தார். “சார், பாஸ்வேர்டு கேக்குது.”

“யார்கிட்ட?”

“என்கிட்டதான் சார்.”

“ஆபீஸ் ஆள் உங்ககிட்டயே கேக்குதுன்னா, வெளியாளை அது உள்ள விடுமா?”

மூன்று பேரும் கம்ப்யூட்டரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அது தடை என்று முடிவாயிற்று. எபநேசர் அதைப் போர்வையில் சுற்றிக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

கட்டுரையை மேசைமேல் விரித்து வைத்தார்கள். தெய்வானைக்குத் திருப்தி இல்லை. “சார், ராத்திரி கதவைப் பூட்டிட்டுப் போறோமே. எந்நேரமும்னு போட்டிருக்கே?”

கதவைக் கழற்றினார்கள்.

“மாடிப்படி இருக்கே சார். முட்டிவலிக்காரங்க எப்படி ஏறி வருவாங்க?” இது எபநேசர். அவருக்கே முட்டிவலி.

மாடிப்படியைக் கழற்ற முடியுமா என்று கொத்தனாரை வரவழைத்துக் கேட்டார்கள். அந்த ஆள் ஒருமுறை மாடியையும் ஒருமுறை இவர்களையும் பார்த்துவிட்டு, சித்தாளைக் கூட்டி வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. கடைசியில் கட்டுரையையே கீழே கொண்டுபோனார்கள். கீழே வாட்ச்மேன் இருந்தார், அவரும் தடை. வாட்ச்மேனைத் தாண்டினால் வாசல் கேட், அதுவும் தடை. இப்படித் தடையைத் தாண்டித் தாண்டிப் போய், பஸ் ஸ்டாப்பில் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே கொடி கட்டி, பன்னிரண்டு பக்கத்தையும் துணி மாட்டுகிற கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டார்கள். ராத்திரிக்கு ஒரு ட்யூப் லைட்டும் போட்டாயிற்று. ஆராவமுதன் தள்ளி நின்று பார்த்தார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு காரியம் இப்படிச் சுத்தமாக முடிந்தது இதுதான் முதல் தடவை.

மங்கையர்க்கரசி பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பார்த்தார். “ஐயய்யோ, என்ன சார் இது! இன்டர்நெட்ல போடணும் சார். உலகமே படிக்கும்!”

“உலகம் வரட்டும்மா. பஸ்ஸைவிட்டு இறங்கின உடனே கண்ணுல படுற மாதிரிதானே மாட்டியிருக்கோம்?”

மங்கையர்க்கரசிக்குப் பக்கங்களை உருவிக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தது. முத்திரையோ ஆராவமுதனின் சட்டைப் பையில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது. பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கிற செவந்தி, “எனக்கு எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதே, எனக்கு இது எப்படிங்க?” என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தாள். மூன்று பேரும் அப்படியே ஆடிப்போனார்கள். இவ்வளவு பெரிய தடை இத்தனை நேரம் கண்ணில் படவில்லையே! உடனே எபநேசர் உரக்கப் படிக்கத் தொடங்கினார். செவந்திக்கு மனசு கேட்காமல் ஒரு தட்டு பஜ்ஜி கொடுத்தாள். ஒரு கையில் பஜ்ஜி, ஒரு கையில் பக்கம் என்று எபநேசர் கொடியோடு நகர்ந்து நகர்ந்து ஏழாம் பக்கத்துக்கு வந்தார்.

“‘ஆகவே, எட்டாண்டு ஆய்வின் முடிவாக உறுதியாகச் சொல்கிறோம்: வெள்ளாடு ஒருபோதும் காகிதத்தை...’”

அவ்வளவுதான் படிக்க முடிந்தது. செவந்தியின் ஆடு பின்பக்கமாக வந்து, பக்கத்தைக் கிளிப்பிலிருந்து உருவி, இரண்டே மெல்லில் உள்ளே தள்ளிவிட்டது.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் கைதட்டினார்கள். செய்தி கேட்டு மங்கையர்க்கரசி ஓடிவந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. “எட்டு வருஷம் சார்! எட்டு வருஷம் ஒரு ஆடுகூடத் தின்னலை!” என்றவர், சட்டென்று நின்று, எபநேசரின் கையைப் பிடித்து விரலை முகர்ந்து பார்த்தார். “பஜ்ஜி சாப்பிட்டுட்டா பக்கத்தைத் தொட்டீங்க?”

“ரெண்டே ரெண்டுதான் மேடம்.”

“அப்பாடா! எட்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன், எண்ணெய் பட்ட காகிதத்தை மட்டும் தின்னும்னு. என் ஆய்வு தப்பில்லை!” என்று ஆட்டைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுது தீர்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி சார், ஏழாம் பக்கத்தை நான் இன்னொரு பிரிண்ட் எடுத்துட்டு வந்துடறேன்” என்றார்.

ஆராவமுதன் வருத்தத்தோடு தலையசைத்தார். “மூணாவது விதிம்மா. ஏத்துக்கிட்டது அந்தக் காகிதம். வேற காகிதம் வச்சா மாத்தினதா ஆயிடும். உங்க வேலைக்கு ஆபத்து வர்ற காரியத்தை நான் செய்ய மாட்டேன்.”

“அந்தக் காகிதம்தான் ஆட்டு வயித்துல இருக்கே!”

“இருக்குல்ல? இருக்கிற எடம் தெரியுதுல்ல? அப்புறம் ஏன் கவலைப்படறீங்க?”

தெய்வானை ஆறாம் பக்கத்துக்கும் எட்டாம் பக்கத்துக்கும் நடுவே ஓர் அட்டை மாட்டினாள். ‘ஏழாம் பக்கம் ஆட்டில் உள்ளது.’ சாயங்காலம் செவந்தி ஆட்டைப் பிடித்துக் கட்டப்போனபோது மூன்று பேரும் குறுக்கே விழுந்தார்கள்.

“என் ஆட்டை நான் கட்டக் கூடாதா?”

“கூடாது. கட்டினா தடை.”

“நல்லா இருக்குதே ஞாயம்! தொலைஞ்சுபோனா?”

“பொதுமக்கள்கிட்டதானே போகும்?” என்றார் ஆராவமுதன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வு அலுவலர் கிருபாநிதி வந்து இறங்கினார். கையில் படிவம், பையில் பேனா, காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. செவந்தியிடம் நாலு பஜ்ஜி வாங்கி நின்றபடியே தின்றுவிட்டுக் கட்டுரையைப் பார்க்க வந்தார். மங்கையர்க்கரசி ஓரமாக நின்று முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“ஏழாம் பக்கம் எங்கே?”

“காலையிலதான் மேயப் போச்சு சார்” என்றார் எபநேசர். “கூட்டிட்டுப் போறேன், வாங்க.”

கிருபாநிதி வேலையில் கறாரான ஆள். முழுக் கட்டுரையையும் பார்க்காமல் படிவத்தை நிரப்புவதில்லை என்பது அவர் கொள்கை. எனவே போனார். விளையாட்டு மைதானத்தில் ஆடு நின்றது. இவர்களைக் கண்டதும் நூலகத்துக்குள் போனது. நூலகத்தில் விரட்டினார்கள், தேர்வு மண்டபத்துக்குள் போனது. மூன்று பேரும் ஆட்டைப் பிடிக்கவே இல்லை. பிடித்தால் தடையாகிவிடும் என்று கூடவே ஓடி, எதிரே வருகிறவர்களை விலக்கிவிட்டுக்கொண்டே போனார்கள். கடைசியில் கிருபாநிதி வேர்த்து விறுவிறுத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, படிவத்தாலேயே விசிறிக்கொண்டார். ஆடு தானாகவே பக்கத்தில் வந்தது. படிவத்தை முகர்ந்தது. பஜ்ஜி தின்ற கையாயிற்றே. இரண்டே மெல்லுதான்.

மங்கையர்க்கரசி கண்ணை மூடிக்கொண்டார். எட்டு வருஷமும் போயிற்று என்றே நினைத்தார்.

“வாழ்த்துகள் சார்!” ஆராவமுதன் கிருபாநிதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்க படிவமும் திறந்தநிலைக்கு வந்துடுச்சு!”

கிருபாநிதி மனசுக்குள் கணக்குப் போட்டார். படிவம் போய்விட்டது, இனி மறுபடி வந்தால்தான் ஆய்வு. மறுபடி வருவதென்றால் மறுபடி இந்த மூன்று பேர். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ‘கட்டுரையை நேரில் கண்டேன். எவ்விதத் தடையும் இல்லை. எவராலும் தடுக்கவே முடியவில்லை. முடிவும் நிரூபிக்கப்பட்டது.’ ஆராவமுதன் முத்திரை குத்தினார். அடுத்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடப் பார்க்காமல் கிருபாநிதி ஏறிக்கொண்டார்.

அடுத்த மாதம் ஆடு இரண்டு குட்டி போட்டது. மையத்தில் ஒரே கொண்டாட்டம். ‘நகல்: இரண்டு’ என்று பதிவேட்டில் ஏற்றினார்கள். இரண்டாம் விதிப்படி எல்லா நகலிலும் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டும் அல்லவா? இரண்டுக்கும் முனைவர் மங்கையர்க்கரசி என்றே பெயர் வைத்தார்கள். அது முதல் வளாகத்தில் யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மங்கையர்க்கரசி அதையும் பொறுத்துக்கொண்டார்.

குட்டிகள் துள்ளி ஓடத் தொடங்கியிருந்த ஒரு நாள், நிரந்தர ஆணை வந்தே விட்டது. மங்கையர்க்கரசிக்குக் கால் தரையில் பாவவில்லை. எப்படியோ, இந்த மனிதரால் வந்த வேலைதானே என்று நெய் சொட்டுகிற லட்டு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு மையத்துக்கு ஓடினார். மூன்று பேருக்கும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். அதே கையோடு ஆணையை எடுத்து நீட்டினார்.

“படிங்க சார். முதல்ல நீங்கதான் படிக்கணும்.”

ஆராவமுதன் கண்ணாடியைத் தேடினார். அந்த அறைக்குத்தான் கதவு கிடையாதே. சின்ன மங்கையர்க்கரசிகளில் ஒன்று உள்ளே வந்தது; ஆணையை முகர்ந்தது. ஆராவமுதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோது பெரிய மங்கையர்க்கரசியின் கையில் மூலை மட்டும் இருந்தது.

“ஐயோ! நாளைக்குச் சம்பளப் பிரிவுல காட்டணுமே சார்! இது இல்லேன்னா சேர்த்துக்க மாட்டாங்களே! எனக்கு உடனே ஒரு நகல் வேணும் சார், நகல்!”

ஆராவமுதன் பதறவில்லை. இதற்காகத்தானே மையம் இருக்கிறது? எபநேசரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எபநேசர் குனிந்து, குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பெட்டைதான் சார்.”

“அப்பாடா” என்றார் ஆராவமுதன். மங்கையர்க்கரசியை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஆதரவாகச் சொன்னார். “கவலையே படாதீங்கம்மா. சம்பளப் பிரிவுல கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க. வர்ற வருஷம் ஆடிக்குள்ள உங்களுக்கு ரெண்டு நகலாவே தர்றோம்.”