சிவப்புப் பட்டன்

குழந்தைவேல் ஆசாரி ஊரில் பாதிக் கதவுகளை இழைத்த மனிதர். இந்த வயசில் கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்குப் போய், சுகந்தியிடம், மரத்தைத் தானே வெட்டிச் செதுக்குகிற ரவுட்டர் மெஷின் பழகிக்கொண்டிருந்தார். குருவோ அவருக்கு மகள் வயசுப் பெண். அதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. அவரை அரித்தது ஒரே விஷயம்தான். அவர் மெஷினைத் தொட்டால் போதும், அவள் வந்து, மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பட்டன்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

அன்று கேட்டேவிட்டார்.

“எப்பத்தான் அம்மிணி அந்தப் பட்டன்ல இருந்து கையை எடுப்பீங்க?”

“முதல்ல பம்பைப் போடுங்கண்ணா.”

அன்றைய வேலை ஒரு கல்யாணக் கட்டிலுக்குத் தலைப்பலகை. நல்ல தேக்கு, ஒன்றே ஒன்று. சாயங்காலம் அதை எடுத்துப்போக வண்டி வந்துவிடும். அந்த மேசையில் ஆணியும் கிடையாது, பிடிப்புக் கட்டையும் கிடையாது. கீழே பம்பு காற்றை உறிஞ்சும். மேசைமேல் கிடக்கிற, காற்றுப் புகுகிற நுண்துளை அடிப்பலகை வழியாக அந்த உறிஞ்சல் மேலே வந்து மரத்தைக் கவ்விக்கொள்ளும்.

முந்தின நாள் அடிப்பலகையை மாற்றியது ஆசாரி. மாற்றினவர் சும்மா இருப்பாரா? எந்த மரத்தையும் வெறுமனே விட்டுப் பழக்கமில்லாத கை. ஓரமும் மேல்பக்கமும் வார்னிஷ் அடித்து, பளபளவென்று தேய்த்து, காலையில் அவள் வருவதற்குள் அதன்மேல் தேக்கையும் வைத்துவிட்டார்.

பம்பு உறுமியது. உறிஞ்சலை அளக்கிற முள் சரசரவென்று ஏறி உச்சியில் நின்றது.

“பாத்தீங்களா முள்ளை!”

“மரத்தைத் தள்ளிப் பாத்தீங்களா?”

“அதான் முள்ளே சொல்லுதே” என்று மெஷினை ஓட்டிவிட்டார்.

முதல் கோடு நேராகத்தான் போனது. வளைவில் கட்டர் திரும்பியபோது தேக்கு மெல்ல நகர்ந்தது. ஆசாரியின் கை தானாகப் பாய்ந்து பலகையை அமுக்கியது. பலகை நிற்கவில்லை. கையையும் இழுத்துக்கொண்டு கட்டர் பக்கம் போனது.

மெஷின் நின்றது.

கட்டரில் அவர் சட்டைக்கையின் நூல் சுற்றியிருந்தது.

“ஐயோ, மரம் கெட்டுப்போச்சா?” என்றார்.

“மரம் கெடக்குதுங்கண்ணா! விரலைப் பாருங்க!” என்று கத்தினாள் சுகந்தி. பட்டனை அமுக்கிய கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

விரல்கள் இருந்தன. தேக்கில் விழுந்த கீறலும் எப்படியும் வெட்டி எறிகிற ஓரத்தில்தான். அவள் தேக்கைத் தூக்கினாள். அடியில் பளபளப்பு.

“இது யாரு வேலை?”

“நான்தானுங்க. காத்து ஒழுகிறக் கூடாதேன்னு...”

“ஓரத்துல அடிச்சது சரி. மேலயும் அடிச்சா காத்து எந்த வழியா மரத்தைப் பிடிக்கும்? பம்பு இத்தனை நேரம் உங்க வார்னிஷைத்தான் பிடிச்சுட்டு இருந்துச்சு.”

அகலக் கட்டரை மாட்டி, அந்தப் பளபளப்பு அத்தனையையும் சீவித் தள்ளினாள். சொரசொரப்பாக, பார்க்கவே நன்றாக இல்லாத ஒரு பலகை மிஞ்சியது.

தேக்கை மறுபடி வைத்தார்கள். பம்பு உறுமியது. முள் முன்னைவிடக் கீழேயே நின்றுவிட்டது.

“இறங்கிருச்சே அம்மிணி!”

“இப்பத்தான் காத்து மரம் வரைக்கும் வருது. தள்ளுங்க.”

தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஒரு நூல்கூட அசையவில்லை. இன்னொரு தரம் தம் பிடித்துத் தள்ளினார். ஊஹூம்.

“சரி, ஓட்டுங்கண்ணா.”

அவர் வலது கை மெஷின் விசைக்குப் போனது. இடது கை, அவருக்கே தெரியாமல், தேக்கின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. சுகந்தியின் கை சிவப்புப் பட்டன்மேல்.

“காலையில ஒன்னு கேட்டேன். பதிலே சொல்லலையே அம்மிணி.”

அவள் அவருடைய இடது கையைப் பார்த்தாள்.

“நீங்க எடுங்கண்ணா. நான் எடுக்கறேன்.”