வரட்டுமா என்று கேட்ட இடி

மேகமும் மரமும் குருவியும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், இடி வருஷத்துக்குச் சரியாக ஐந்து தடவைதான் வரும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. வரும், உறுமும், மழையைக் கொட்டும், "போறேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடும்.

அந்தப் "போறேன்" பூவாத்தாளுக்குப் பிடிக்கவில்லை. பூவாத்தாள் ஒரு தூக்கணாங்குருவி. குளக்கரைப் பனையில் கணவன் கூடு பின்ன, அவள் மேற்பார்வை பார்ப்பாள். வாசல் ஒரு புல் அளவு கோணலாக இருந்தாலும் பிரித்துப் பின்னச் சொல்லுவாள். மரியாதை விஷயத்திலும் அப்படித்தான்.

ஒரு வருஷம், ஐந்தாவது தடவை வந்த இடி கிளம்பும்போது அவள் கூட்டிலிருந்து தலையை நீட்டினாள்.

"அண்ணா, கொஞ்சம் நில்லுங்க. கிளம்பும்போது 'போறேன்'னு சொல்லலாமா? ஒரேயடியாப் போற மாதிரி இருக்கே!"

"வேற எப்படிச் சொல்றது?" என்றது இடி. பாவம், வானத்திலேயே வளர்ந்தது. நாலு வீட்டுக்குப் போய்ப் பழகியதில்லை.

"'வரட்டுமா?'ன்னு கேக்கணும்."

இடிக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. வாய்க்குள் உருட்டி உருட்டிப் பார்த்தது. "வரட்டுமா?"

"வாங்க, வாங்க!" என்றாள் பூவாத்தாள், வாய் நிறைய.

மறுநாள் மத்தியானம் இடி வந்து நின்றது.

பூவாத்தாள் அப்போதுதான் மூன்று முட்டை இட்டு அடைகாக்க உட்கார்ந்திருந்தாள். கூடு ஊஞ்சலாய் ஆடியது.

"என்னண்ணா, திடீர்னு?"

"நீதானே வாங்கன்னு கூப்பிட்டே!"

வந்த விருந்தாளியிடம் என்னவென்று சொல்வது? சாயங்காலம் இடி மறக்காமல், "வரட்டுமா?" என்று கேட்டது. அதற்கு "வாங்க" என்பதைத் தவிர வேறு பதில் அவளுக்குத் தெரியாது. "வாங்க" என்றாள்.

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஆறாம் நாள் ஒரு மின்னல் பனையின் உச்சியைக் கருக்கியது. கூடு தொங்கிய ஓலைக்குப் பக்கத்து ஓலை பற்றி எரிந்து, மழையில் அணைந்தது.

"ஏம்மா பூவாத்தா, உன் மரியாதைக்கு என் தலைதான் கிடைச்சுதா?" என்று பனை அலறியது. "அவனைப் போகச் சொல்லு!"

"வந்தவங்களைப் போய் 'போ'ன்னு சொல்லுவாங்களா?"

"சொல்ல வேண்டாம். நாளைக்கு உன் ஓலைதான்."

பூவாத்தாள் முட்டைகளைப் பார்த்தாள். குஞ்சு பொரிய இன்னும் எட்டு நாள் இருந்தது. அன்று சாயங்காலம் இடி "வரட்டுமா?" என்றதும், கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வராதீங்க!" என்று கத்திவிட்டாள்.

இடி ஒரு சத்தமும் போடாமல் மலைக்கு அப்பால் போய்விட்டது.

குஞ்சுகள் பொரிந்தன, பறந்தன. ஆனால் அடுத்த வருஷம் இடி ஒரு தடவைகூட வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. "அப்பாடா!" என்றிருந்த பனையே, மூன்றாம் வருஷம், "தொண்டை வறளுதே" என்று முனகியது. கூடு பின்னப் பச்சைப் புல் இல்லை. காய்ந்த புல்லில் கணவன் எப்படியோ ஒரு கூட்டைப் பின்னி முடித்தான். வாசல் நேராக இருக்கிறதா என்று பூவாத்தாள் மூக்கால் தொட்டாள். கூடு அறுந்து விழுந்தது. இனி முட்டை இட ஓர் இடமில்லை.

அவள் மலையைத் தாண்டிப் பறந்தாள். இடி ஒரு மேகத்துக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. வாங்க."

"இது வர்ற வாங்கவா, போற வாங்கவா?"

அது பூவாத்தாள் பிறந்ததிலிருந்து பேசுகிற வார்த்தை. இப்படி யாரும் கேட்டதில்லை.

"வர்ற வாங்கதான்."

"அதை எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"முகத்தைப் பார்த்தாலே தெரியுமே."

"நான் இருக்கிற உயரத்துக்கு உன் முகம் கடுகளவுகூடத் தெரியாதே!"

பூவாத்தாள் தலையைச் சாய்த்து ஒரு வழி சொன்னாள்.

"அப்ப ஒண்ணு செய்யுங்கண்ணா. குத்துமதிப்பா வாங்க."

இடி குத்துமதிப்பாக வரத் தொடங்கியது அன்று முதல்தான். பல வருஷம், மனசாரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி அடிக்கடி வரும். அப்புறம், சும்மா உபசாரத்துக்குச் சொன்னார்களோ என்று சந்தேகம் வந்து, பல வருஷம் எப்போதாவது தலைகாட்டும். "எங்க காலத்துல இவ்வளவு இடி ஏது?" என்று ஒருவரும், "எங்க காலத்து இடியில பாதிகூட இல்லை" என்று இன்னொருவரும் சொன்னால், இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். மழை விட்டபின் தூரத்தில் மெல்ல உருளுகிறதே கடைசி இடி, அது "வரட்டுமா?" என்று கேட்பதுதான். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நாம்தான் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.