மூன்று மரத்து மகாராஜா

ஜெர்மனியின் ஊசியிலைக் காடு ஒன்றில் லுடோல்ஃப் என்ற ஓநாய் ராஜாவாக இருந்தது. பட்டம், ஒன்பது மலைகளின் அதிபதி. கையில் இருந்ததோ மூன்று தேவதாரு மரம், ஒரு பாறை, பாதிக் குட்டை.

பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் ஒன்பது மலையும் நிஜமாகவே இருந்தன. அந்தக் கிழ ஓநாய்க்கு இரண்டு பிள்ளைகள். மூத்ததுக்கே எல்லாம் கொடுத்தால் இளையது முகம் வாடுமே என்று காட்டைச் சரிபாதியாகப் பிரித்தது. அந்த இரண்டுக்கும் மும்மூன்று பிள்ளைகள். மறுபடியும் பிரித்தார்கள். தலைமுறை தலைமுறையாக இதே வேலை. காடுதான் பிரிந்தது. பட்டம் பிரியவில்லை. பிறந்த குட்டிக்கெல்லாம் முழுப் பட்டம்.

எல்லை மரங்களில் மூத்திரம் பெய்து வாசனை வைத்தார்கள். குலத்தில் ஒருவர் வைத்த வாசனையை இன்னொருவர் தாண்டக் கூடாது. இரை ஓடினாலும் தாண்டக் கூடாது. அது சட்டம்.

முயல்களுக்கும் அந்தச் சட்டம் தெரியும்.

அந்தக் குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்த்தது. வளையில் மனைவி ஹில்டாவும் இரண்டு குட்டிகளும். நாலு நாளாகப் பட்டினி. ஐந்தாம் நாள் கொழுத்த முயல் ஒன்று குட்டையோரம் வந்தது. லுடோல்ஃப் பாய்ந்தது. முயல் நாலே துள்ளலில் எல்லை தாண்டி, உட்கார்ந்து மீசையைத் துடைத்தது.

"பார்த்து வாங்க மகாராஜா. இது உங்க அண்ணன் தேசம். மரத்தை மோந்து பாத்துக்குங்க."

லுடோல்ஃப் மோந்து பார்த்தது. உண்மைதான். நின்றுவிட்டது.

பெரியப்பா மகன் கொன்ராட் எல்லைக்கு வந்தது. அதற்கு நாலு மரம். அதன் விலா எலும்பையும் எண்ணிவிடலாம்.

"அண்ணே, எல்லையை எடுத்துடுவோம். நீங்க விரட்டுங்க, நான் மடக்குறேன். குட்டிங்க சாகுது."

"எடுக்கலாம் தம்பி. அப்புறம் ஒன்பது மலைக்கு அதிபதி யாரு?"

"நீங்களும்தான், நானும்தான்."

"ஒரே காட்டுக்கு ரெண்டு அதிபதியா? நல்லா இருக்கு. நீ பட்டத்தை விடு, நான் வாசனையை விடுறேன்."

வளையிலிருந்து குட்டியின் முனகல் கேட்டது. லுடோல்ஃப் காதை மடக்கிக்கொண்டது.

"எங்கப்பா கொடுத்தது அண்ணே. அதை விட்டா நான் வெறும் ஓநாய்."

"அப்ப வெறும் வயித்தோட கிட" என்று கொன்ராட் திரும்பி நடந்தது. நடை தள்ளாடியது.

வளையில் ஹில்டா கேட்டது. "என்ன சொன்னாரு?"

"பட்டத்தைக் கேக்குறான்."

"குடுத்துட்டு வர வேண்டியதுதானே. அதைத் தின்னவா முடியும்?"

"உனக்கென்ன தெரியும்? நீ இந்தக் குலத்துக்கு வந்தவ."

ஹில்டா திரும்பிக்கொண்டது. குட்டிகளை நக்கிக்கொடுத்தது.

ஏழாம் நாள் லுடோல்ஃபுக்குத் தெரிந்துவிட்டது, பொழுது சாயும்வரை தாங்காது என்று. மெல்ல எழுந்து வெளியே போனது. கடைசியில் எல்லை தாண்டப்போகிறது என்று ஹில்டா நினைத்தது.

லுடோல்ஃப் நடு மரத்துக்குத்தான் போனது. இரண்டு பக்கமும் காலடி வைத்து அளந்தது. மரத்தில் சாய்ந்துகொண்டு, காலைத் தூக்கி வாசனை வைத்தது.

"என்ன செய்றீங்க?"

"பெரியவனுக்கு ஒன்றரை மரம், சின்னவனுக்கு ஒன்றரை மரம். அப்பன் ஓரவஞ்சனை பண்ணிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"சின்னவன் காலையிலேயே போயிட்டான்" என்றது ஹில்டா.

லுடோல்ஃப் அதைக் கேட்டதோ இல்லையோ. அப்படியே சரிந்து படுத்தது. எழுந்திருக்கவில்லை.

பெரியவன் உடம்பில் இன்னும் சூடு இருந்தது. ஹில்டா அதன் பிடரியைக் கவ்வியது. எல்லையைத் தாண்டியது. குலத்துக்கு வந்தவளை எந்த வாசனையும் மறிக்கவில்லை. கொன்ராடும் மறிக்கவில்லை. அது தன் நாலு மரத்தடியில் விறைத்துக் கிடந்தது, பனி மூடி.

பனி உருகியதும் அந்த முயல் நடு மரத்தடியில் ஆறு குட்டி ஈன்றது.

சேர்ந்து காக்க வேண்டியதை நியாயம் என்று கூறுபோட்டு, வெறும் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கிற குலம் தன் பிள்ளைகளைத் தானே பட்டினி போட்டுக் கொல்லும்.