பணிந்தபட்டினம்

வெகுகாலத்துக்கு முன்பு முத்தங்குறிச்சி நாட்டைத் திரிபுவனசிங்கம் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். ஆண்டான் என்பது ஒரு மரியாதைக்கு. மெய்யாக ஆண்டது பஞ்சம்தான்.

கடலுக்கு அக்கரையில் நெல் கொழிக்கிற மெராவு நகரம் இருந்தது. ராஜாவின் தாத்தா அதை ஒருமுறை ஜெயித்து, 'பணிந்தபட்டினம்' என்று பேர் வைத்துவிட்டு வந்தார். அந்த ஜனங்கள் பிற்பாடு விடுதலையாகி, தங்கள் சொந்தப் பேரையே வைத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு வழக்கம்: வருகிற கப்பல் ஊர்ப்பேரைக் கூவிச் சொன்னால்தான் துறைமுகச் சங்கிலியை இறக்குவார்கள். நம் கப்பல்கள் "பணிந்தபட்டினமே!" என்று கூவின, வெறுங்கப்பலாகவே திரும்பின.

"மெராவு என்று கூவ உத்தரவு கொடுங்கள், பிரபு" என்று மந்திரி செங்கோடர் கெஞ்சினார். தம் குதிர் நெல்லையெல்லாம் ஊருக்குக் கொட்டிக் கொடுத்தவர் அவர். வீட்டில் அவருடைய ஒரே மகள் நங்கை பசியில் சுருண்டு கிடந்தாள்.

சேனாபதி கொற்றையனுக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "தாத்தா வைத்த பேரை மாற்றுவதா? மானம் போய்விடும், மகாராஜா!" என்று தூபம் போட்டான்.

"மெராவு என்கிற நாக்கை அறுப்பேன்!" என்றான் ராஜா.

மறுநாள் சபை கூடியதும் மந்திரி எழுந்து, "குப்பை மகாராஜா வாழ்க!" என்றார்.

குப்பை என்பது ராஜாவின் பிள்ளைப்பிராயத்துப் பேர். ராஜாவுக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இதுவாவது எமன் கண்ணில் படாமல் பிழைக்கட்டும் என்று, தாத்தா குழந்தையைக் குப்பையில் புரட்டி அப்படிப் பேரிட்டிருந்தார்.

"இவரைக் கழுவில் ஏற்றுங்கள்!" என்று சேனாபதி குதித்தான்.

"ஏன் ஐயா? இதுவும் தாத்தா வைத்த பேர்தானே? மாற்றினால் மானம் போய்விடுமே!"



"நான் பிழைப்பேனோ மாட்டேனோ என்றிருந்தபோது வைத்த பேர் அது, செங்கோடரே" என்றான் ராஜா, மெதுவாக. "இப்போது எனக்கென்று ஒரு பேர் இருக்கிறது."

"அவர்களுக்கும் இருக்கிறது, பிரபு."

ராஜா தலைகுனிந்தான். கொற்றையனையே கப்பலில் ஏற்றி, மெராவு மெராவு என்று தொண்டை கிழியக் கூவ வைத்தான். சங்கிலி இறங்கியது, நெல்லும் வந்தது.

ஆனால் கப்பல் போய்த் திரும்புகிற வரைக்கும் பசி காத்திருக்குமா? பாவி நாடு! பாதித் தெருக்களில் அடுப்பு மூட்ட ஆளில்லை.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "உம் புத்திக்குப் பரிசு. இன்னும் என்ன வேண்டும், கேளும்."

மந்திரி மாலையைக் கழற்றித் தரையில் வைத்தார். "நங்கை என்று ஒரு பேர், பிரபு. நேற்றிலிருந்து கூப்பிடுகிறேன், ஏன் அப்பா என்று கேட்க ஆளில்லை. நீங்கள் ஒருதரம் கூப்பிட்டுப் பாருங்கள்."