நாச்சிமுத்துவின் புது இன்ஜின்

கோயமுத்தூரில் நாச்சிமுத்து என்று ஒருத்தர். பின்சக்கரங்கள் தள்ளி ஓடும் வகைப் பழைய கான்டசா கார் வைத்திருந்தார். அதில் இன்ஜின்தான் இல்லை. வேறு இன்ஜின் மாற்ற வருஷக்கணக்காகத் திட்டம் போட்டார். திட்டம் போடுவதில் மனுஷன் மகா கெட்டி.

வண்டி நின்ற ஷெட்டுக்குச் சொந்தக்காரரான கார் கிளப் தலைவர் ராஜரத்தினத்துக்குப் பொறுமை போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை வருவேன். உள்ள இன்ஜின் இருக்கோணும். இல்லாட்டி வண்டி காயலான் கடைக்கு!"

ஞாயிறன்று கிளப்பே திரண்டு வந்தது. பானெட்டைத் திறந்தால் பளபளவென்று பெரிய இன்ஜின்!

ராஜரத்தினம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். "ஜப்பான் சரக்கு. பார்த்தாலே சொல்லிருவேன். ஆனா கனம் ஜாஸ்தி, முன்பக்கம் அமுங்குது. ஆயிலும் கசியுது."

கூட்டம் தலையாட்டியது.

நாச்சிமுத்து இன்ஜினை ஒற்றைக் கையால் தூக்கி அவரிடம் நீட்டினார். "அட்டையில செஞ்சதுங்க தலைவரே. இடம் பத்துமான்னு பாக்க வெச்சேன்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் தலைவர் முகம் சிவந்தது. "அப்ப இன்னைக்கே வண்டியை ஷெட்டை விட்டு எடு!"

"கொஞ்சம் டைம் குடுங்க. போன அட்டை இன்ஜினைக் கரையான் தின்னுருச்சு. இது ஆயில் கசியற அளவுக்கு முன்னேறிருச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே!"