பள்ளத்தில் ஓடிய படம்

பெருநாவலூரில் மாற்று சினிமா மன்றம் என்று ஒன்று இருந்தது. மொத்தம் நான்கு உறுப்பினர்கள். நான்கு பேருமே நல்லவர்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

தலைவர் மாசிலாமணி முப்பத்தைந்து வருஷம் பத்திரம் எழுதியவர். "எழுத்துல என்ன இருக்கோ அதான் செல்லும். எழுதினவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு எந்தக் கோர்ட்டும் கேக்காது" என்பது அவர் கொள்கை. செயலாளர் எஸ்தர் டீச்சர் பாலர் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும் என்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். பிள்ளைகள் வளர்ந்து மறந்துவிட்டார்கள், டீச்சர் மறக்கவில்லை. பொருளாளர் அப்பாண்டைராஜுக்கு மளிகைக்கடை. நான்காமவர் இருசப்பன், மைக்செட் வைத்திருப்பவர். ஊரிலேயே புரொஜெக்டர் அவரிடம் மட்டும்தான் இருந்தது என்பதால் அவருக்கும் கலை ஆர்வம் உண்டு என்று மன்றம் முடிவு செய்திருந்தது.

ஓடாமல் கிடந்த ஒரு பழைய அரிசி ஆலைக்குக் 'கலைக்கூடம்' என்று பெயர் வைத்து நகராட்சி இவர்களிடம் ஒப்படைத்திருந்தது. ஐந்து மாதத்தில் அங்கே நடந்தது ஐந்து கூட்டங்கள். ஐந்திலும் பெயர்ப்பலகையை எங்கே மாட்டுவது என்று பேசினார்கள். ஆறாவது மாதம் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் ஐம்பது பேருக்குக் குறையாமல் ஒரு நிகழ்ச்சி நடக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டடம் பிளாஸ்டிக் குடம் விற்கிற ஒருவருக்குக் குடோனாகப் போய்விடும்.

எஸ்தர் டீச்சர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் யாரோ கொடுத்த நம்பரை வைத்து மணிமொழிக்குப் போன் போட்டார்.

மணிமொழி நான்கு வருஷமாக ஒரே ஒரு படம் எடுத்தவர். மொபெட்டில் ஊர் ஊராகப் போய்க் கருவாடு விற்கும் அற்புதம் என்ற பெண்ணைப் பற்றிய படம். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. எந்தத் தியேட்டரும் வாங்கவில்லை. நான்கு வருஷ உழைப்பை அதுவரை ஒரு கூட்டம் உட்கார்ந்து பார்த்ததில்லை. டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் மணிமொழி சம்மதித்துவிட்டார்.

"கண்டிப்பா வரேங்க. ஆனா முன்னாடியே சொல்லிடறேன், இது கமர்ஷியல் படம் இல்ல. அண்டர்கிரவுண்ட் படம். அதுக்கேத்த மாதிரி ஏற்பாடு பண்ணிக்குங்க."

டீச்சர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே மன்றம் கூடியது.

"அண்டர்கிரவுண்ட் படமாம்" என்றார் டீச்சர்.

"அப்படின்னா?" என்றார் அப்பாண்டைராஜ்.

"தரைக்குக் கீழ" என்றார் தலைவர். "நம்ம கூடமோ தரைக்கு மேல இருக்கு."

நால்வரும் தரையைப் பார்த்தார்கள். இருசப்பன் சந்தேகமாகக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"தலைவரே, ஜனங்க மட்டும் கீழ உக்காந்தாப் போதுமா? திரை மேல இருக்கலாமில்ல?"

"படம் ஓடறது திரையிலதானே? திரை மேல இருந்தா அது மேல் கிரவுண்டு படம். ஜனங்கதான் அண்டர்கிரவுண்டு. டைரக்டரம்மா படத்தைத்தான் சொல்லியிருக்காங்க, ஜனங்களைச் சொல்லலை."

ஆக, திரை, புரொஜெக்டர், ஜனங்கள் எல்லாவற்றையும் கீழே இறக்குவது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஒன்பது நாள், பன்னிரண்டு ஆள். கூடத்தின் நடுவே ஒன்றரை ஆள் ஆழத்துக்குப் பள்ளம் எழும்பியது. பள்ளம் எழும்பாது, இறங்கும் என்று தலைவர் தீர்மானப் புத்தகத்தில் திருத்தி எழுதினார். இறங்கி ஏற ஒரு மூங்கில் ஏணி. வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. என்ன நடக்கப்போகிறது என்று யாருக்கும் தெரியாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நடக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

சனிக்கிழமை படம் கூரியரில் வந்து சேர்ந்தது. கூடவே மணிமொழியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் வந்தது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்.

"ஒண்ணு. படம் ஓடும்போது யாரும் எழுந்து நடக்கக் கூடாது. ரெண்டு. எல்லாரையும் செல்போனை அணைக்கச் சொல்லுங்க. மூணு. கூடத்துக்குள்ள ஒரு பொட்டு வெளிச்சம் வரக் கூடாது. நாலு. நான் வரத் தாமதமானா காத்திருக்காதீங்க, ஆரம்பிச்சிடுங்க."

"படம் ஓடுமா?" என்று அப்பாண்டைராஜ் கவலைப்பட்டார். "ஓடிப்போச்சுன்னா யார் பொறுப்பு?"

அவர் பொருளாளர். அந்தக் கவலை அவருக்கு இருக்க வேண்டியதுதான். புரொஜெக்டரை மேஜையோடும், மேஜையைப் பள்ளத்தில் அடித்த ஒரு முளையோடும் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டினார்கள்.

"அணைக்கிறதுன்னா நிறுத்தறதுதானே?" என்று இருசப்பன் கேட்டார்.

"விளக்கைத்தான் அப்படி அணைப்பாங்க" என்றார் தலைவர். "போன் பேசற பொருளு. பேசறதை அணைக்கிறதுன்னா கட்டிப் பிடிக்கிறதுதான்."

டீச்சருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பாவம், போனையும் எல்லோரும் திட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அறுபத்தோரு பேர் வந்தார்கள். ஒவ்வொருவராக ஏணியில் இறங்கினார்கள். அவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் நகராட்சியிலிருந்து தலை எண்ண வந்த கோவர்த்தனன். இன்னொருவர் பக்கத்து ஊர்க் கல்லூரிப் பேராசிரியர் அறவாழி. சிற்றிதழ்களில் சினிமாக் கட்டுரை எழுதுகிறவர். பள்ளத்தைப் பார்த்ததுமே, "நல்ல முயற்சி" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

மணிமொழி வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. தாமதமானால் ஆரம்பிக்கலாம் என்று எழுத்தில் இருந்ததால் ஆரம்பித்தார்கள்.

"எல்லாரும் செல்போனை அணைச்சுக்குங்க!" என்றார் டீச்சர்.

அறுபத்தோரு பேரும் போனை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். போன் இல்லாத ஒருவர் கூச்சத்தோடு பக்கத்து ஆளின் போனில் ஒரு ஓரத்தை மட்டும் அணைத்தார். கோவர்த்தனனின் போன் அலறியது. "இன்னும் கொஞ்சம் இறுக்கி" என்று டீச்சர் ஜாடை காட்டினார். அவர் இறுக்கினார். போன் அடங்கியது. முறை சரிதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கதவுகளைச் சாத்தி, இடுக்குகளில் சாக்கு அடைத்து, விளக்கை நிறுத்தினார்கள். இருசப்பன் புரொஜெக்டரைப் போட்டார். திரையில் ஒரு கடற்கரை தெரிந்தது.

"தலைவரே! வெளிச்சம்!" என்று அலறினார் டீச்சர்.

"எங்கேர்ந்து?"

"இருசப்பன் மெஷின்லேர்ந்து!"

"வெளிச்சம் இல்லாட்டி படம் எப்படித் தெரியும்?" என்றார் இருசப்பன்.

தலைவர் போனை அணைத்த கையைப் பிரிக்காமல், செய்தியை மனத்துக்குள்ளேயே இன்னொரு முறை படித்துப் பார்த்தார். "படம் தெரியணும்னு எதுலயும் எழுதலையே. வெளிச்சம் வரக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு."

"உள்ள வரக் கூடாதுன்னுதானே?" என்றார் அப்பாண்டைராஜ். "இது உள்ளதானே இருக்கு. வெளியேர்ந்து வரலியே?"

மன்றத்தின் வரலாற்றில் புத்திசாலித்தனத்துக்கு மிக அருகில் வந்த பேச்சு அது. தலைவர் வெகுநேரம் யோசித்தார்.

"உள்ளேயிருந்து உள்ள வந்தாலும் வந்ததுதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்பாண்டைராஜ் தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து லென்ஸ் மேல் போட்டார். பள்ளம் இருண்டது. அலைச் சத்தம் கேட்டது. மொபெட் சத்தம் கேட்டது. "கருவாடு, கருவாடே" என்று ஒரு பெண் குரல் கூவியது. கொஞ்ச நேரத்தில் துண்டு சூடாகி லேசாகத் தீய்ந்தது.

"வாசனைகூட வருது பாரேன்!" என்று யாரோ வியந்தார்கள்.

பேராசிரியர் அறவாழி இருட்டிலேயே குறிப்பு எழுதினார். பிற்பாடு பார்த்தபோது நான்கு வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. படிக்க முடிந்த வரையில் அதில், 'காட்சியை மறுப்பதன் மூலம் காட்சியை விசாரிக்கிறார் இயக்குநர்' என்று இருந்தது.

நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. யாரும் எழுந்து நடக்கக் கூடாது என்பதால் டீச்சர் தவழ்ந்து ஏணிவரை போனார். ஏணி ஏறுவது நடப்பதில் சேராது என்று தலைவர் இருட்டிலிருந்து அனுமதி கொடுத்தார்.

"யாரு?"

"நான்தாங்க மணிமொழி. டைரக்டர்!"

"வாங்க மேடம். ஆனா வெளிச்சத்தை வெளியவே விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க."

எப்படியோ ஒருக்களித்த கதவு வழியாக நுழைந்து, டீச்சர் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினார் மணிமொழி. தரை வரும் வரும் என்று பார்த்தார். வரவில்லை.

"ஏங்க இவ்வளவு பள்ளம்?"

"நீங்கதானே மேடம் அண்டர்கிரவுண்டுன்னீங்க."

"படம் ஏன் இருட்டா இருக்கு?"

"நீங்கதானே மேடம் வெளிச்சமே கூடாதுன்னீங்க."

மணிமொழி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். திரையில் எங்கோ அற்புதம் பேரம் பேசுவது காதில் விழுந்தது. அந்தக் காட்சிக்காக விடியற்காலை வெளிச்சம் சரியாக விழ வேண்டுமென்று பதினோரு நாள் காத்திருந்தது ஞாபகம் வந்தது. கத்தலாமா அழலாமா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் எழுந்து, வாசனை வந்த திசையில் நடந்து, துண்டை எடுத்துக் கீழே போட்டார்.

"மறுபடி முதல்லேர்ந்து போடுங்க" என்றார்.

எழுந்து நடந்த முதல் ஆள் அவர்தான். டைரக்டரே விதியை மீறுவதைத் தலைவர் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார்.

படம் ஓடியது. கயிறு கட்டியிருந்தும் நன்றாகவே ஓடியது. கடல் தெரிந்ததும் பள்ளத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அற்புதம் மொபெட்டை உதைத்துக் கிளப்பினாள், பேரம் பேசினாள், ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டாள், அவர்கள் நாற்றம் என்று கதவைச் சாத்தினார்கள். யாரும் இருமவில்லை. ஒரு மேட்டில் மொபெட் நின்றுபோயிற்று. கருவாட்டு மூட்டையோடு அவள் தனியாகத் தள்ளினாள். மொபெட் பின்னால் பின்னால் வந்தது.

"யாராச்சும் ஒரு கை குடுங்கய்யா!" என்று இருட்டில் ஒரு பெண் குரல் உடைந்தது.

அப்பாண்டைராஜும் இருசப்பனும் எழுந்துவிட்டார்கள். இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே திரைக்குப் போய், மொபெட்டின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். படத்தில் மொபெட் மெல்ல மேடேறியது. கூட்டம் கைதட்டியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

மணிமொழி முகத்தைத் திருப்பிக்கொண்டார். படத்தைப் போட்டுக் காட்டிய இடங்களில் பெரிய பெரிய ஆட்கள் 'வேகம் போதாது', 'சந்தை இல்லை' என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். எவரும் எழுந்துபோய்த் தள்ளியதில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் பேராசிரியர் அறவாழி மட்டும் முகம் சுளித்தார். "முதல் நாற்பது நிமிஷம் இருந்த ஆழம், படம் தெரிய ஆரம்பிச்சதும் போயிடுச்சு" என்றார். கோவர்த்தனன் தலைகளை எண்ணி, அறுபத்தொன்று என்று எழுதினார். குடம் வியாபாரி அன்று காலையே வந்து பார்த்துவிட்டு, நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிற கட்டடத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று போய்விட்டதாகவும் தகவல் சொன்னார். கலைக்கூடம் இனி மன்றத்துக்கே.

டீச்சர் மணிமொழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். போனை அணைத்த பழக்கம் இன்னும் கையில் இருந்ததால் நன்றாகவே அணைத்தார்.

மணிமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் முன்னால் நின்றார்.

"ரொம்ப சந்தோஷமா இருக்குங்க. இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். படத்தைப் பத்தி உங்க மனசுல பட்டதை, நல்லதோ கெட்டதோ, எல்லாரும் வெளிப்படையாச் சொல்லணும்."

கூட்டம் தலைவரைப் பார்த்தது. தலைவர் எழுந்தார்.

"டைரக்டரம்மா வெளிப்படையாச் சொல்லணும்கிறாங்க. இங்க உக்காந்து சொன்னா அது உள்ளுக்குள்ள சொன்னதாயிடும். எல்லாரும் வெளிய நடங்க."

அறுபத்தோரு பேரும் வரிசையாக ஏணியில் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் மன்றத்து நால்வரும் ஏறினார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்று வயரைச் சுற்றி எடுத்துவைத்துவிட்டு மணிமொழி திரும்பினார். பேசுகிறவர் கொஞ்சம் உயரத்தில் நிற்க வேண்டும் என்பதால் இருசப்பன் ஏணியையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

"ஏங்க! ஏணி! ஏணியைக் கொண்டாங்க!" என்று பள்ளத்திலிருந்து குரல் கேட்டது.

வெளியே கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. தெருவில் ஏணியைச் சுவரில் சாய்த்து, ஒவ்வொருவராக ஏறி நின்று மனம் விட்டுப் பேசினார்கள். ஒருவர் அற்புதத்துக்குப் புது மொபெட் வாங்கித் தர வேண்டும் என்றார். ஒருவர் கதவைச் சாத்திய வீட்டின் விலாசம் கேட்டார். ஒரு அம்மா பேசவே முடியாமல் அழுதுவிட்டு இறங்கினார். இவ்வளவு நல்ல படத்தைப் பெருநாவலூர் இதுவரை பார்த்ததில்லை என்று எல்லோருமே சொன்னார்கள்.

கடைசியாகத் தலைவர் மாசிலாமணி ஏறினார். நன்றி சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கினார்.

"வெளிப்படையாச் சொல்லச் சொன்னதால சொல்றேன். படம் அருமை. ஆனா இத்தனை பேரு வெயில்ல நின்னு பாராட்டறோம், டைரக்டரம்மா வெளிய வந்து ஒரு வார்த்தை கேக்கல பாருங்க. இந்தச் சின்ன வயசுல இவ்வளவு கர்வம் ஆகாது."