எதுவும் போடாத தட்டு

“மேடம், நான் கிளம்பறேன். திங்கட்கிழமை பழையபடி பள்ளிக்கூடத்துக்கே போயிடறேன்” என்றார் தேவசகாயம்.

வாத்தியார் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு நாற்பது வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். வழிகாட்டி மங்கையர்க்கரசி அவரைவிட எட்டு வயது இளையவர். அதனால் மாணவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன ஆச்சு சார்?”

“தவளைக் கருவிலே ஒரு செல் நரம்பாகுது, இன்னொண்ணு தோலாகுது. ரெண்டுலேயும் அதே ஜீன்கள்தான். நரம்புக்கான ஜீனை எது முடுக்கி விடுது? அஞ்சு வருஷமாத் தேடறேன்.”

அவர் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் மனுஷனை இன்னும் வாட்டியது.

“நரம்பே வரலையா?”

“வந்துச்சு. செல்களைத் தனித்தனியாப் பிரிச்சு, எது முடுக்குதுன்னு பார்க்க ஒவ்வொரு தட்டிலேயும் ஒரு புரதம் போடுவேன். எல்லாத்திலேயும் நரம்பு. ஆனா ஒப்பிட்டுப் பார்க்கன்னு எதுவும் போடாத கண்ட்ரோல் தட்டு இருக்கே, அதிலேயும் நரம்பு! எங்கேயோ அழுக்கு கலந்திருக்குன்னு எல்லாத்தையும் கொட்டிட்டு மறுபடி ஆரம்பிப்பேன்.”

“எத்தனை தடவை?”

“முப்பது இருக்கும். தண்ணியை மாத்தினேன், கையுறையை மாத்தினேன், அறையைக்கூட மாத்தினேன்.”

“எங்கிட்டே சொல்லவே இல்லையே?”

“தப்பாப் போனதை எப்படி மேடம் கொண்டுவந்து காட்டறது?”

காலமெல்லாம் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் சுழித்தவருக்கு வேறென்ன தோன்றும்!

மங்கையர்க்கரசி எழுந்து கைகழுவினார். கருவிலிருந்து ஒரு துண்டை வெட்டி இரண்டாக்கினார். ஒரு பாதியை அப்படியே ஒரு தட்டில் விட்டார். மறுபாதியின் செல்களைப் பிரித்து இன்னொரு தட்டில் பரப்பினார். இரண்டிலும் எந்தப் புரதமும் போடவில்லை.

“நாளைக்கு வந்து பார்த்துட்டுக் கிளம்புங்க.”

மறுநாள் தேவசகாயம் நுண்ணோக்கியில் குனிந்தார்.

“சேர்ந்திருந்தது என்ன ஆச்சு சார்?”

“தோலாச்சு.”

“பிரிச்சது?”

“நரம்பு. பழைய கதைதான் மேடம்.”

“என்ன போட்டோம்?”

“ஒண்ணும் போடலையே.”

“எதை எடுத்தோம்?”

தேவசகாயம் மறுபடி குனிந்து இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“பக்கத்து செல்களை…” என்றார். “முடுக்கி விட யாரும் வேண்டாம். அதுங்கதான் இதை நரம்பாக விடாம அடக்கி வெச்சிருந்திருக்கு. அப்போ நான் கொட்டின முப்பது கண்ட்ரோல் தட்டும் சரியாத்தான் இருந்திருக்கு!”

மங்கையர்க்கரசி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க சார். அஞ்சு வருஷமா நானும்தான் கேட்கலை.”